மேத்யூஸை எந்த வயதில் வீட்டுக்கு அனுப்புவீர்கள்?

நடுவர் ஐயா அவர்களுக்கும், அவையில் இருக்கும் பெரியோர்களுக்கும், எதிரே உட்கார்ந்து மும்முரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் எதிரணியினருக்கும் வணக்கம்.

"விளையாட்டு வீரருக்கு அழகு, உச்சத்தில் விலகுவதா, உடல் இடம் கொடுக்கும்வரை ஆடுவதா?" இதுதான் தலைப்பு. ஆடுவதே அழகு என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அக்கா பிரெஞ்சுக் கால்பந்து வீரர் எரிக் கான்டோனாவைக் காட்டினார். 1997இல், லீக் பட்டம் வென்ற கையோடு, 30 வயதில் விலகினார், அதனால்தான் இன்றும் கொண்டாடுகிறோம் என்றார். நல்ல கைதட்டல். நானும்தான் தட்டினேன். ஆனால் கான்டோனா 31 வயதில் என்ன செய்திருப்பார் என்று அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்த ஒரு கணக்கை நான் எடுத்து வைக்கிறேன்.

கால்பந்து வீரர் ஸ்டான்லி மேத்யூஸ். 1915 பிப்ரவரி 1ஆம் தேதி, இங்கிலாந்தில் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஸ்டோக் பகுதியில், ஹான்லியில் பிறந்தவர். அப்பா முடிதிருத்துபவர், குத்துச்சண்டை வீரரும்கூட. மகன் 17 வயதில் ஸ்டோக் சிட்டி கிளப்பில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். ஆடுவது வலது ஓரத்தில். பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு தடுப்பாட்டக்காரர் முன்னால் வந்து நிற்பார். உடம்பை இடப்பக்கம் சாய்ப்பார், எதிராளியும் அந்தப் பக்கம் சாய்வார், அதற்குள் இவர் வலப்பக்கக் கோட்டோரம் பறந்திருப்பார். வித்தை இவ்வளவுதான். எல்லாருக்கும் தெரிந்த வித்தை, ஆனாலும் மாட்டிக்கொண்டே இருந்தார்கள்.

சரி, எதிரணியிடம் ஒரே கேள்வி. இவரை எந்த வயதில் வீட்டுக்கு அனுப்புவீர்கள்?

24 வயதிலா? 1937இல் செக்கோஸ்லோவாகியாவுக்கு எதிராக மூன்று கோல் போட்டு இங்கிலாந்தை 5-4 என்று ஜெயிக்க வைத்துவிட்டார். 1938இல் கிளப்பை விட்டுப் போகிறேன் என்றபோது, போகக் கூடாது என்று ஸ்டோக் மக்கள் மண்டபம் நிறையக் கூடிக் கூட்டம் போட்டார்கள். உச்சம் என்றால் அதுதானே? விலகு என்று யாரும் சொல்லத் தேவையே இருக்கவில்லை. 1939 செப்டம்பரில் போர் வந்தது, லீக் நின்றது. மறுபடி தொடங்கியது 1946இல். அந்த இடைவெளியில் மேத்யூஸ் விமானப்படையில் இருந்தபடி போர்க்கால ஆட்டங்களில் ஆடினார், ஆனால் அவை லீக் கணக்கில் சேரவில்லை. நடுவர் ஐயா, எதிரணி சொல்லும் யோசனையை ஹிட்லர் ஏற்கெனவே ஒருமுறை நிறைவேற்றிப் பார்த்துவிட்டார்!

அப்போ 32 வயதிலா? 1947இல் ஸ்டோக் நிர்வாகம் 11,500 பவுண்டுக்கு அவரை பிளாக்பூல் கிளப்புக்கு விற்றது. வாங்கிய மேலாளர் ஜோ ஸ்மித்தே, இன்னும் ஓரிரு வருடம் தாங்குவாயா என்று கேட்டாராம். தாங்கினார். பதினான்கு வருடம்.

36 வயதில் அனுப்பலாம் என்று அந்த ஓரத்தில் இருக்கும் தம்பி தலையாட்டுகிறார். நியாயம்தான். 1948இல் எஃப்.ஏ. கோப்பை, அதாவது இங்கிலாந்து கிளப்புகள் மோதும் நாக்அவுட் கோப்பையின் இறுதி ஆட்டம், மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோல்வி. 1951இல் மறுபடியும் இறுதி, நியூகாசிலிடம் தோல்வி. கௌரவமாகக் கைகுலுக்கிவிட்டுப் போக நல்ல தருணம். தம்பி பேச்சைக் கேட்டுப் போயிருந்தால் 1953 மே 2ஆம் தேதி லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் அவர் இருந்திருக்க மாட்டார்.

மூன்றாவது இறுதி. எதிரில் போல்டன் கிளப். மேத்யூஸுக்கு 38 வயது, அரசி எலிசபெத் நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறார். போல்டன் 3-1 என்று முன்னால் இருக்கிறது, மீதி இருப்பது இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அங்கிருந்துதான் மேத்யூஸ் வலது ஓரத்தைத் தன் சொந்த வீடாக்கிக்கொண்டார். அவர் தூக்கிப்போட்ட பந்தை சக வீரர் மோர்ட்டென்சன் கோலாக்கினார், 3-2. ஆட்டம் முடியும் நேரத்தில் மோர்ட்டென்சனே ஃப்ரீ கிக்கில் இன்னொன்று, 3-3. கூடுதல் நிமிடத்தில் மேத்யூஸ் மறுபடி கோட்டோரம் புகுந்து, கால் வழுக்கிய நிலையிலும் பந்தைப் பின்பக்கமாக உள்ளே தள்ள, இன்னொரு சக வீரர் பில் பெரி அடித்தார். 4-3. அந்த ஆட்டத்துக்கு 'மேத்யூஸ் இறுதி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. மூன்று கோல் போட்ட மோர்ட்டென்சனுக்கு இது அநியாயம்தான். மேத்யூஸே அந்தப் பெயரை விரும்பவில்லை. போல்டன் அணியில் ஒருவர் காயத்தோடு நொண்டிக்கொண்டிருந்தார் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், எதிரணிக்கு வேலை மிச்சம்.

1956இல் வெம்ப்ளிக்கு பிரேசில் வந்தது. நில்டன் சான்டோஸ் என்ற மாபெரும் தடுப்பாட்டக்காரர் இவரை மறிக்க நின்றார். மேத்யூஸுக்கு 41. இங்கிலாந்து 4-2 என்று வென்றது. அந்த வருடம்தான் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பலோன் டி ஓர் விருது முதல்முறையாகத் தரப்பட்டது. ரியல் மாட்ரிட்டுக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்த டி ஸ்டெஃபானோவுக்கு இரண்டாம் இடம். முதலிடம் நம்ம 41 வயசுக்காரருக்கு! இப்போது சொல்லுங்கள், உச்சம் எது? ஆடி முடித்தவரைத் திரும்பிப் பார்த்துத்தான் அதைச் சொல்ல முடிகிறது. ஆடிக்கொண்டிருப்பவருக்கு அது எங்கே இருக்கிறது என்று யார் போய்ச் சொல்வது? தேர்வாளர்களா? 1950 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு எதிராக இவரை வெளியே உட்கார வைத்தார்கள். இங்கிலாந்து 0-1 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்தில் சேர்த்தார்கள், ஸ்பெயினிடமும் தோல்விதான், அதையும் மறைக்கவில்லை.

இளைஞர்களின் வழியை மறிக்கிறார் என்று அக்கா உருக்கமாகப் பேசினார். டாம் ஃபின்னி என்று ஒருவர், மேத்யூஸைவிட ஏழு வயது இளையவர், அவரும் வலது ஓரம். யாரை எடுப்பது என்று இங்கிலாந்தே சண்டை போட்டது. 1947இல் லிஸ்பனில் ஃபின்னியை இடது ஓரத்துக்கு மாற்றி இருவரையும் இறக்கினார்கள். போர்ச்சுகல் வாங்கியது பத்து கோல். வழி மறித்தால் இப்படித்தான் மறிக்க வேண்டும்!

உடல் எப்படி இடம் கொடுத்தது என்பதையும் கேட்க வேண்டும். மது கிடையாது, புகை கிடையாது. ஆனாலும் சிகரெட் விளம்பரத்தில் படம் மட்டும் வந்தது, அந்தக் காலத்தில் கால்பந்து வீரருக்குச் சம்பள உச்சவரம்பு இருந்தது, பாவம். விடியற்காலையில் கடற்கரையில் ஓட்டம், திங்கட்கிழமை உபவாசம், காரட் சாறு. பிரேசிலில் பார்த்த மாதிரியிலேயே இலேசான ஷூ செய்யச் சொல்லி அணிந்தார். உச்சத்தில் விலக நினைக்கிறவருக்கு இதெல்லாம் எதற்கு?

அப்புறம் 46 வயது. 1961 அக்டோபரில் ஸ்டோக் மேலாளர் டோனி வாடிங்டன் அவரைத் திரும்ப வாங்கினார். ஸ்டோக் அப்போது லீக்கின் இரண்டாம் அடுக்கான இரண்டாம் டிவிஷனில் தடுமாறிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய உள்ளூர் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 8,409 பேர். மேத்யூஸ் இறங்கிய முதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 35,974 பேர். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் என்பீர்கள். இருக்கட்டும். 1963இல் அதே அணி இரண்டாம் டிவிஷன் பட்டம் வென்று மேலே ஏறியது. அதை உறுதி செய்த, லூட்டன் கிளப்புக்கு எதிரான ஆட்டத்தில் 48 வயது மேத்யூஸ் கோல் போட்டார். அந்த வருடத்தில் இங்கிலாந்தின் சிறந்த கால்பந்து வீரர் விருதும் அவருக்கே. அதே விருது முதன்முதலாக 1948இல் தரப்பட்டபோதும் வாங்கியவர் அவர்தான்.

கடைசிப் பருவத்தில் ஒரே ஒரு லீக் ஆட்டம்தானே ஆடினார் என்று எதிரணி எழுந்து கேட்கும். ஆமாம், ஒன்றுதான். 1965 பிப்ரவரி 6, ஃபுல்ஹாமுக்கு எதிராக, 50 வயதும் ஐந்து நாளும். ஸ்டோக் 3-1 என்று வென்றது. அந்த ஒரு ஆட்டத்தால் முந்தைய 32 வருடத்தில் எது குறைந்தது? அவருக்குக் கெட்ட பெயர் வந்தது ஆட்டத்தை விட்ட பிறகுதான். போர்ட் வேல் கிளப்பின் மேலாளராக இருந்தபோது, முறைகேடான பணப்பட்டுவாடா என்று 1968இல் அந்தக் கிளப்பையே லீக்கிலிருந்து நீக்கி, பிறகு சேர்த்துக்கொண்டார்கள். ஆடிய காலமெல்லாம் நடுவரிடம் ஒரு எச்சரிக்கைகூட வாங்காத மனிதர்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் வருத்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. 50 வயதில் விலகியது அவசரம், இன்னும் இரண்டு வருடம் ஆடியிருக்கலாம் என்று பின்னாளில் சொன்னார். எதிரணி நண்பர்கள் அவருக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்க ஆவலாக இருக்கிறேன். நன்றி, வணக்கம்.