சனிக்கிழமைக் கூலியும் திங்கட்கிழமைப் பேச்சும்

தருமபுரி வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தொழிலில் முன்னேறுவதற்கு வேண்டிய பழக்கங்கள், தலைமைப் பண்பு, இதைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்திருக்கிறார்கள். நான் புளி வியாபாரி. காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கொட்டகை, அதன் பின்னால் ஒரு குடோன். சீசனில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். இருபத்தெட்டு வருடமாக இதுதான் பிழைப்பு. அதனால் எனக்குத் தெரிந்த புளியை வைத்துத்தான் பேசப்போகிறேன். மாங்கூழ் ஆலை வைத்திருப்பவர், பாலக்கோட்டில் தக்காளி மண்டி போட்டிருப்பவர், ஓசூரில் லேத் பட்டறை நடத்துபவர், நீங்கள் உங்கள் சரக்கை அந்த இடத்தில் வைத்துக் கேளுங்கள்.

புளித் தொழில் தை மாதம் தொடங்கும், சித்திரையில் வரத்து அடங்கும். மரத்தைக் குத்தகைக்கு எடுத்து உலுக்குகிறவர்கள் வேறு. ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டி எடுக்கிற பெண்கள் வேறு. அவர்களுக்குக் கூலி கிலோ கணக்கு. தட்டி எடுத்த புளியை உடனே விற்றால் ஒரு விலை. மழைக்காலம் வரை வைத்திருந்து விற்றால் நல்ல விலை. ஆனால் வைத்திருப்பதில்தான் கண்டம். ஈரமும் சூடும் சேர்ந்தால் செம்பழுப்பாக இருக்கும் புளி கறுத்துவிடும். அதற்காகத்தான் வெயில் ஏறுவதற்கு முன்பே குளிர்பதனக் கிடங்குக்கு அனுப்புகிறோம். ஈரத்தோடு மூட்டை கட்டிய புளியைக் குளிர்பதனமும் காப்பாற்றாது.

இதை நான் 2011ல் பாடமாகப் படித்தேன். தை கடைசியில் மலைப்பக்கத்திலிருந்து ஒரு லாரி வந்தது. எட்டு டன். விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்த நேரம். ஒரு மூட்டையைப் பிரித்து மேலாகப் பார்த்துவிட்டு இறக்கச் சொல்லிவிட்டேன். ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்க்க வேண்டும், அடி மூட்டையையும் பிரிக்க வேண்டும், இரண்டையும் செய்யவில்லை. வைகாசியில் மூட்டையைப் பிரித்தபோது சாக்கு வழியாகச் சாறு கசிந்து தரை பிசுபிசுவென்று இருந்தது. கரிப்புளி என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டேன். அந்த வருடச் சம்பாத்தியத்தில் பாதி அதோடு போயிற்று.

எங்கள் கொட்டகையில் அப்போதே பதினைந்து வருடமாக வேலை செய்துகொண்டிருந்த ஒரு அக்கா உண்டு. கையில் எடுத்தவுடன் இது எந்தப் பக்கத்துப் புளி என்று சொல்லிவிடுவார். அவரிடம் கேட்டேன், "ஏங்கா, உங்களுக்குக் கூடவா தெரியல?" என்று.

"தெரியும் மொதலாளி. எறக்கும்போதே கைல ஈரம் பட்டுச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"போன வருசம் சாக்கு கிழிஞ்சிருக்குதுன்னு ஒரு பையன் சொன்னான். அவனை நீங்க எல்லார் முன்னாலயும் என்ன பேச்சுப் பேசுனீங்க? அதுக்கப்புறம் யாரு வாயத் தெறப்பா?"

எட்டு டன் புளி போனதை விட அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. பழக்கம் என்றால் விடியற்காலையில் எழுவது, நடைப்பயிற்சி போவது, இதெல்லாம்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கத்துவதும் ஒரு பழக்கம்தான். நான் தினமும் தவறாமல் செய்துவந்த பழக்கம். கண்ணில் பட்டதை முதலாளியிடம் சொல்லாமல் இருக்கும் பழக்கத்தை அது நாற்பது பேருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. தலைமை என்பதற்கு எனக்குத் தெரிந்த பொருள் இவ்வளவுதான்: நம்முடைய பழக்கம் நம்மோடு நிற்காமல், நம்மிடம் வேலை செய்கிறவர்களிடம் போய் வேறு உருவத்தில் முளைப்பது.

ஏமி எட்மண்ட்சன் என்று ஒரு அம்மையார், ஹார்வர்டில் பேராசிரியர். 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக, நல்ல மேற்பார்வையில் வேலை செய்யும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கெடுத்தால் நேர் எதிராக வந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. துருவிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அங்கே நடந்த தவறை யாரும் மறைக்கவில்லை, வாய்விட்டுச் சொன்னார்கள். மற்ற இடங்களில் பயந்துபோய் மூடி வைத்தார்கள். இதை என் பெண் எனக்குப் படித்துச் சொன்னபோது எங்கள் அக்காவின் முகம்தான் கண் முன்னால் நின்றது.

நம் ஓசூரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. டிவிஎஸ் மோட்டார் கம்பெனி 2002ல், தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கும் டெமிங் பரிசை வாங்கியது. டெமிங் ஒரு அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர். போரில் நொடித்துப் போயிருந்த ஜப்பானுக்கு 1950ல் போய், அங்குள்ள தொழிற்சாலைக்காரர்களுக்குத் தரக் கட்டுப்பாட்டைக் கற்றுக்கொடுத்தவர். வேலை செய்கிறவர் மனதில் இருக்கும் பயத்தைப் போக்க வேண்டும் என்பது அவர் விடாமல் வலியுறுத்திய விஷயங்களில் ஒன்று. பெரிய ஆலைக்குப் பொருந்துவது நம் கொட்டகைக்குப் பொருந்தாதா? நாற்பது பேர் இருக்கும் இடத்தில் முதலாளியின் முகம் எல்லோருக்கும் தெரிகிறது. அது சுளிக்கிறதா இல்லையா என்பதும் தெரிகிறது.

அந்த வருடம் ஆனியில் ஒன்று தொடங்கினேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எல்லோருக்கும் டீ. பத்து நிமிடம் பேச்சு. ஒரே ஒரு கேள்வி: போன வாரம் எது கெட்டுப்போனது? முதலில் நான் செய்த தவறை நான் சொல்வேன். எங்கள் கொட்டகையில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் உண்டு, கன்னடம் பேசுகிறவர்கள் இரண்டு பேர் உண்டு. ஆகவே கேள்வியை மூன்று மொழியிலும் கேட்பேன். அவரவர் வீட்டுப் பேச்சில் கேட்டால்தான் வாய் திறக்கும்.

முதல் நான்கு வாரம் ஒருவரும் பேசவில்லை. டீயைக் குடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவது வாரம் ஒரு சின்னப் பெண், குடோன் மூலையில் ஓட்டுச் சந்து வழியாகத் தண்ணீர் சொட்டுகிறது என்றாள். "இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்த?" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அவள் பார்க்க, அப்போதே ஆளை மேலே ஏற்றி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் புது ஓடு போட்டேன். அடுத்த வாரம் மூன்று பேர் பேசினார்கள். சொன்னால் திட்டு விழாது என்று தெரிந்தால் மட்டும் போதாது. சொன்னால் வேலை நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

இனி என் சொந்தப் பழக்கத்துக்கு வருகிறேன். ராத்திரி நோட்டு. குடோனைப் பூட்டியதும் நாலு வரி எழுதுவேன். எவ்வளவு புளி வந்தது, தட்டி எவ்வளவு தேறியது, யார் எவ்வளவு தர வேண்டும், நாளைக்குக் காலையில் முதல் வேலை எது. அவ்வளவுதான். செல்போனிலும் கணக்கு இருக்கிறது, ஆடிட்டரும் இருக்கிறார். இருந்தாலும் கையால் எழுதும்போதுதான் ஒரு எண் உறுத்துவது தெரிகிறது. ஆரம்பத்தில் மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் விட்டுவிட்டேன். பிறகு என் வீட்டுக்காரி ஒரு வழி சொன்னாள். குடோன் சாவியை அந்த நோட்டின் மேல்தான் வைக்க வேண்டும், வேறெங்கும் வைக்கக் கூடாது. பூட்டினால் சாவி, சாவி என்றால் நோட்டு. அதன் பிறகு விடவில்லை.

இருபத்தொரு நாள் செய்தால் பழக்கம் வந்துவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2009ல் வெளிவந்தது. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கிற அளவுக்கு வர, சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். அதில் எனக்கு ஆறுதலாக இருந்தது வேறொன்று. நடுவில் ஒரு நாள் தவறினால் குடி முழுகிப்போவதில்லை, மறுநாள் தொடர்ந்தால் போதும். ஒரு நாள் விட்டதற்காக முழுவதையும் கைவிடுகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். தம்பி, தங்கச்சி, ஒரு நாள் போனால் போகட்டும், மறுநாள் நோட்டைத் திறங்கள்.

கல்லாப்பணமும் வீட்டுப்பணமும் கலக்கக் கூடாது என்பதை எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன். மாதம் ஒன்றாம் தேதி எனக்கென்று ஒரு சம்பளம் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் படிப்புச் செலவானாலும் அதற்குள்தான்.

கூலி விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தை. எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒரு வாரத்துக்கு வேண்டிய காய்கறி, பருப்பு எல்லாம் அங்கேதான் வாங்குவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கூலி கைக்கு வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கடன் வாங்கித்தான் சந்தைக்குப் போக வேண்டும். முன்பெல்லாம் நான் திங்கட்கிழமை தருகிறேன், செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்று இழுத்ததுண்டு. என் பக்கம் இரண்டு நாள்தானே என்று நினைப்பேன். அவர்களுக்கு அது ஒரு வாரச் சோறு. இப்போது வெள்ளிக்கிழமை ராத்திரியே பணத்தை எண்ணி உறையில் போட்டுப் பெயர் எழுதி வைத்துவிடுகிறேன். சில வாரம் சரக்கு விற்ற பணம் வராது. அப்போது என் சம்பளத்தைத் தள்ளிப் போடுவேன், கூலியைத் தள்ளிப் போடுவதில்லை. சீசன் உச்சத்தில் எல்லாக் கொட்டகைக்கும் ஆள் தட்டுப்பாடு வரும். எங்களுக்கு வருவதில்லை.

சரக்கு விற்ற பணம் வராத கதையும் உண்டு. ஒரு பெரிய வாங்குபவர், பெயர் வேண்டாம், ஏழு மாதம் இழுத்தடித்தார். என்னிடம் முறையான ஆர்டர் தாள் இல்லை, பில்லில் தேதி கூட ஒழுங்காக இல்லை. அப்போது எனக்குச் சட்டமும் தெரியாது. 2006ஆம் வருடத்துச் சிறுதொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்குகிறவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதம் என்ற வட்டியைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கு உத்யம் பதிவு, அதாவது மத்திய அரசின் சிறுதொழில் பதிவு, வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். பொருளை வாங்கி அப்படியே கைமாற்றி விற்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது, பதப்படுத்துகிறவர்களுக்கு உண்டு. சரக்கு ஏறிய அன்றே தேதி போட்டு பில் எழுதி, வாங்கியவர் கையெழுத்தை வாங்கி வைக்கும் பழக்கம் இல்லாவிட்டால் எந்தச் சட்டமும் நம் கைக்கு எட்டாது.

எனக்கு இன்றும் கடினமாக இருப்பது ஒன்று உண்டு. புளி வாங்கும் வேலையை என் தங்கை மகனிடம் விட்டிருக்கிறேன். அவன் பேரம் பேசும்போது பக்கத்தில் நின்றால் என் வாய் சும்மா இருக்காது. குறுக்கே ஒரு வார்த்தை சொன்னால் போதும், லாரிக்காரர் அடுத்த நிமிடம் என் பக்கம் திரும்பிவிடுவார், பையனை யாரும் மதிக்க மாட்டார்கள். ஆகவே லாரி வந்தால் நான் கொட்டகையை விட்டு வெளியே போய்விடுகிறேன். போன வருடம் ஒரு லோடு விலை கூடவே கொடுத்து வாங்கிவிட்டான். அன்று ராத்திரி நோட்டு எழுதும்போது இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். எங்கே ஏமாந்தான் என்று அவனே கண்டுபிடித்தான்.

இந்தப் பேச்சுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த வாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். திங்கட்கிழமை டீக்குப் பிறகு, சேர்ந்து மூன்று மாதம் கூட ஆகாத மூட்டை ஏற்றும் பையன் எழுந்தான். "அண்ணா, எலக்ட்ரானிக் தராசு கொறச்சுக் காட்டுது. அஞ்சு கிலோ கல்ல வெச்சா நாலு கிலோ தொள்ளாயிரம்தான் வருது." எடை சரி என்று வருடாவருடம் அரசு வைக்கும் முத்திரைக்கு இன்னும் நாள் இருந்தது, அதனால் நான் சந்தேகப்படவே இல்லை. கல்லை வைத்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. அந்தத் தராசில்தான் பெண்கள் தட்டிய புளியை நிறுத்துக் கூலி எழுதுகிறோம்.

எந்த நாளிலிருந்து குறைகிறது? ராத்திரி நோட்டைப் புரட்டினேன். பெரிய எடைமேடையில் வரும் புளியும் இந்தத் தராசில் தேறும் புளியும் தினமும் ஒரு கணக்காகவே வந்துகொண்டிருந்தது. முந்தைய வாரம் புதன்கிழமையிலிருந்து தேறுவது திடீரென்று குறைந்திருந்தது. தராசை ரிப்பேருக்கு அனுப்பி மறுபடி முத்திரை வைத்து வாங்கினோம். புதன்கிழமையிலிருந்து ஒவ்வொருவருக்கும் எத்தனை கிலோ விட்டுப்போனது என்று என் தங்கை மகன் கணக்குப் போட்டான். சனிக்கிழமை உறையில் அந்தப் பாக்கியையும் சேர்த்து வைத்து, எதற்காக என்று மேலே எழுதிக் கொடுத்தோம்.

அந்தப் பையன் இப்போது தினமும் காலையில் முதல் வேலையாக ஐந்து கிலோ எடைக்கல்லைத் தராசில் வைத்துப் பார்க்கிறான். நான் சொல்லவில்லை, அவனாகவே செய்கிறான்.

வணக்கம்.