வாட்ஸ் கணக்கா, அடிக் கணக்கா?

நேயர்களுக்கு வணக்கம். பங்குனி, சித்திரை, ஆடி என்று திருவிழா மாதங்கள் வந்துவிட்டால் ஊர்தோறும் கோயில் வாசலில் ஒரு மேடை எழும்பும். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கடம். எதிரே ஜமுக்காளத்தில் 300 பேர். இந்த அளவுக் கச்சேரிக்குத் திறந்தவெளியில் ஒலி அமைப்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். டிரம்ஸ், கீபோர்டோடு வரும் மெல்லிசைக் குழுவுக்குக் கணக்கு வேறு. அதை இன்றைக்கு விட்டுவிடுவோம்.

விழாக் கமிட்டியார் மைக் செட் பேசும்போது கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ்?" என்பது. எத்தனை அடி என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான். சுவரோ கூரையோ இல்லாத இடத்தில் தூரம் இரண்டு மடங்கு ஆகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறைகிறது. ஆம்ப்ளிஃபயரின் வாட்ஸை இரண்டு மடங்கு ஆக்கினால் கூடுவதோ 3 டெசிபல்தான். ஆக, தூரத்தைப் பாதியாக்குவதும் வாட்ஸை நான்கு மடங்கு ஆக்குவதும் ஒன்று. முன்னதற்குச் செலவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 97 டெசிபல் தரும் சாதாரண 15 அங்குல ஸ்பீக்கர் பாக்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 100 வாட் போனால் 1 மீட்டரில் 117. 16 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அதில் 24 குறைந்து 93 வரும். கர்நாடகக் கச்சேரிக்கு இது தாராளம். அதாவது நல்ல பாக்ஸ் இரண்டு இருந்தால் 50, 60 அடி ஆழமுள்ள கூட்டத்துக்குப் போதும். மேடைக்கு இரண்டு பக்கமும் எட்டெட்டாக அடுக்கி வைப்பது பார்வைக்கு மட்டும்தான்.

அந்த இரண்டை எங்கே வைப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது. மேடையின் இரண்டு முன் மூலைகளிலும், பாடகரின் மைக் இருக்கும் கோட்டைவிட மூன்று நான்கு அடி முன்னால் வையுங்கள். மேடைக்குள்ளேயோ மைக்குக்குப் பின்னாலோ வைத்தால் ஸ்பீக்கர் ஒலி நேரே மைக்குக்குள் போய் ஹவுலிங், அதாவது 'கூ' என்ற கத்தல், கிளம்பும். உயரம் அடுத்தது. தரையில் வைத்த பாக்ஸுக்கு முன் வரிசை 2 மீட்டரில் இருக்கிறது, கடைசி வரிசை 20 மீட்டரில். பத்து மடங்கு தூரம் என்றால் 20 டெசிபல் வித்தியாசம். முன்னால் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார், பின்னால் இருப்பவர் "சத்தத்தைக் கூட்டு" என்று ஆள் அனுப்புவார். நடுவில் இருக்கும் தலைகளும் உயர் அதிர்வெண் ஒலிகளை விழுங்கிவிடும். பாக்ஸின் அடிப்பாகம் 7 அடிக்கு மேலே இருக்கட்டும். முகத்தைக் கடைசி வரிசையை நோக்கிச் சற்றே கீழே சாய்த்துவிடுங்கள். அப்போது முன் வரிசை, உயர் அதிர்வெண்களை அனுப்பும் ஹார்னின் நேர்க்கோட்டுக்கு வெளியே போய்விடும். ஸ்டாண்டின் மூன்று காலிலும் மணல் மூட்டை போடுவது கட்டாயம். சவுக்குக் கட்டையில் பாக்ஸை ஏற்றிக் கட்டுவதாக இருந்தால், அந்தக் கட்டை பந்தலைத் தாங்கும் கட்டையாக இருக்கக்கூடாது. ஆடிக் காற்றில் பந்தல் ஆடினால் பாக்ஸும் சேர்ந்து ஆடும்.

தேரடி வீதி போல நீண்ட இடமாக இருந்தால் பாதியில் இன்னொரு ஜோடி வேண்டியிருக்கும். இங்கேதான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகிறது. 25 மீட்டர் தள்ளி வைத்த பாக்ஸுக்கு ஒயர் வழியாக ஒலி உடனே வந்துவிடும், மேடையிலிருந்து காற்று வழியாக வருவதற்கோ 71 மில்லி விநாடி ஆகும். 50 மில்லி விநாடிக்கு மேல் பிந்தினால் காது அதைத் தனி ஒலியாகவே எடுத்துக்கொள்ளும். சொற்கட்டு இரண்டு முறை விழும், சாகித்தியம் குழம்பும். டிஜிட்டல் மிக்ஸர் இருந்தால் பின் ஜோடிக்கு 71 மில்லி விநாடியோடு இன்னும் பத்தைச் சேர்த்துத் தாமதம் கொடுங்கள். பாட்டு மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றும். தாமதம் கொடுக்க வசதி இல்லாவிட்டால் பின் ஜோடி வேண்டாம். விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் கூம்பு கட்டும் பழைய வழக்கத்தில் ஊர் முழுக்கச் சத்தம் கேட்கும், பாட்டு எங்கேயும் கேட்காது.

ஸ்பீக்கர் ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம். 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 30 மீட்டர் தள்ளிப் போனால், போகவர 60 மீட்டர் செம்பு. அதன் மின்தடை ஏறத்தாழ 1 ஓம். 4 ஓம் சுமைக்கு அனுப்பும் மின்னழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒயரிலேயே தங்கிவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் அந்த இழப்பு பாதிக்குக் கீழே வரும்.

மின்சாரத்துக்கு வருவோம். மேடையில் ஆள் சாவது இதனால்தான். மும்முனை இணைப்பில் நியூட்ரல் கழன்றுவிட்டால், சுமை குறைவாக இருக்கும் பேஸில் (மின்முனையில்) மின்னழுத்தம் 230இலிருந்து 400ஐ நோக்கி ஏறும். ஜெனரேட்டருக்கு மாற்றும்போது இது நடக்க வாய்ப்பு அதிகம். ஆகவே எதையும் செருகுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 220 முதல் 240, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 5 வோல்ட்டுக்குள். இப்படி இருந்தால் செருகலாம். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வராவிட்டால் அங்கே எர்த்தே இல்லை என்று பொருள். தற்காலிக எர்த் கம்பி அடித்து, சுற்றிலும் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். மிக்ஸர், ஆம்ப்ளிஃபயர், மேடை பிளக் மூன்றும் ஒரே பேஸில், ஒரே போர்டிலிருந்து வரட்டும். மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று அந்தப் போர்டில் இருக்க வேண்டும். சீரியல் செட்டுக்கும் மேடை விளக்குக்கும் வேறு பேஸ் கொடுங்கள். விளக்கின் டிம்மர் போடும் இரைச்சல் பாட்டுக்குள் வராமல் இருக்க இதுவும் ஒரு வழி. 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்தால் சிலர் பிளக்கின் எர்த் காலை வெட்டிவிடுவார்கள். ஹம் போய்விடும், மைக்கைத் தொடும் பாடகருக்குப் பாதுகாப்பும் போய்விடும். ஹம்மை, வாத்தியத்தை மிக்ஸரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸின் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சில் நிறுத்துங்கள்.

இனி மைக். அடிக் கணக்கு இங்கேயும் அதேதான். வாய்க்கும் மைக்குக்கும் 1 அடி இருந்ததை அரை அடியாக்கினால் 6 டெசிபல் கூடுகிறது, ஹவுலிங் ஆபத்து இம்மிகூட ஏறுவதில்லை. மிக்ஸரில் ஒலியளவைக் கூட்டும் ஃபேடரைத் தூக்கி அதே 6 டெசிபலை எடுத்தால் ஆபத்தும் அதே அளவு ஏறும். ஷூர் எஸ்.எம். 58 போன்ற மைக்கைப் பாடகரின் மோவாய்க்குச் சற்றுக் கீழே, ஆறு அங்குலத்தில், வாயைப் பார்த்து வையுங்கள். கையை அசைத்துப் பாடுபவராக இருந்தால் ஸ்டாண்டின் அடித்தட்டு தொடையில் படாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

மிருதங்கத்தில் பெரும்பாலான செட்டுகள் ஒரே ஒரு மைக்கை வலந்தலைக்கு (வலக்கைப் பக்கத் தோலுக்கு) வைத்துவிட்டுப் போய்விடுகின்றன. யோசித்துப் பாருங்கள், வலந்தலை ஏற்கெனவே சபையைப் பார்த்து இருக்கிறது. அது மைக் இல்லாமலே பாதித் தூரம் எட்டும். இடக்கைப் பக்கமான தொப்பிதான் பின்பக்கம் திரும்பியிருக்கிறது. உள்ளரங்கில் சுவரில் பட்டு அதன் கும்காரம் திரும்பி வரும். வெளியில் திருப்பி அனுப்பச் சுவரில்லை. ஆகவே தொப்பிக்கு மைக் கட்டாயம், அரை அடித் தூரத்தில். இரண்டு பக்கமும் மைக் வைத்த பிறகு, மிக்ஸரில் ஒன்றின் போலாரிட்டி பட்டனை (ஒலி அலையைத் தலைகீழாக்கும் பட்டன்) அழுத்தியும் விட்டும் கேளுங்கள். ஒரு பக்கம் அடிக்கும்போது அந்தத் தோல் மைக்கைவிட்டு விலகுகிறது, மறுபக்கத் தோல் தன் மைக்கை நோக்கி வருகிறது. இரண்டு மைக்கின் ஒலியும் ஒன்றையொன்று தின்னும். எந்த நிலையில் தொப்பி தடித்துக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பட்டனில் கிடைப்பதை ஈக்வலைசர் முழுவதையும் திருகினாலும் எடுக்க முடியாது.

வயலினுக்குப் பிக்கப் இருந்தால் டி.ஐ. பாக்ஸ் வழியாக எடுங்கள். கீறலாகக் கேட்டால் 2, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைக்கலாம். கடத்துக்கு ஒரு மைக், 8 அங்குலம் தள்ளி. சுருதி இப்போது பெரும்பாலும் போனில் ஓடுகிறது. அந்தப் போனை ஃபிளைட் மோடில் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் வர்ணத்தின் நடுவில் யாராவது அழைப்பார்கள். கச்சேரிக்கு முன் மங்கள இசை வாசிப்பவர்களுக்கு 100 அடிக் கூட்டத்தில் மைக்கே தேவையில்லை. கமிட்டி கேட்டாலும், பாட்டுக்கு வைத்த கெயினிலேயே நாதஸ்வரத்தைத் திறக்காதீர்கள். ஒலியை 20 டெசிபல் குறைக்கும் பேட் பட்டனை அழுத்திவிட்டு, மைக்கை மூன்று நான்கு அடி தள்ளி வையுங்கள்.

எல்லா மைக்கிலும் லோ கட் (தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் பட்டன்) போடுங்கள். பாட்டுக்கும் வயலினுக்கும் 100 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 120 வரை போகலாம். தொப்பிக்கு மட்டும் 50, 60. மேடைப் பலகையின் அதிர்வும் காற்று மோதும் 'புஸ்'ஸும் இந்த எல்லைக்குக் கீழேதான் பெரும்பகுதி இருக்கின்றன. மைக்குகளுக்கு ஃபோம் தொப்பியும் போடுங்கள், கடற்கரை ஊரென்றால் இரண்டு மடங்கு தடிமனில்.

மேடையில் இருப்பவர்கள் தங்கள் பாட்டைக் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்று போதும் என்பது என் கட்சி, அதிகம் போனால் இரண்டு. எஸ்.எம். 58 போன்ற கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்னால்தான் காது மந்தம். மானிட்டர் அங்கே இருக்க வேண்டும். சூப்பர் கார்டியாய்டு மைக் பின்பக்கமும் கொஞ்சம் கேட்கும். அதற்கு மானிட்டரைச் சாய்வாகப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். மிருதங்க வித்வான் மானிட்டரில் கூடுதல் கேட்டால், முதலில் அவருக்கு வேண்டியது பாட்டா, தன் வாத்தியமா என்று கேளுங்கள். பெரும்பாலும் பாட்டாகத்தான் இருக்கும். அதற்காக எல்லாவற்றையும் ஏற்றினால் மேடைக்குள்ளேயே போட்டி தொடங்கிவிடும், வெளியில் உங்கள் கையில் எதுவும் இருக்காது.

ஹவுலிங்கைக் கச்சேரிக்கு முன்னாலேயே வரவழைத்துப் பாருங்கள். எல்லா மைக்கையும் திறந்து, மிக்ஸரின் மெயின் ஒலியளவை மெதுவாக ஏற்றுங்கள். முதலில் கத்தும் அலைவரிசையை ஈக்வலைசரில் 3 டெசிபல் இறக்குங்கள். இன்னும் ஏற்றி, அடுத்ததை இறக்குங்கள். மூன்று நான்கோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் வெட்டினால் குரல் சளி பிடித்தது போல ஆகிவிடும், அப்படியும் கத்தினால் ஸ்பீக்கர் தப்பான இடத்தில் இருக்கிறது. திறந்திருக்கும் மைக்குகள் இரண்டு மடங்கு ஆனால், ஹவுலிங் வராமல் ஏற்றக்கூடிய கையிருப்பு 3 டெசிபல் குறையும். எனவே வரவேற்புரை முடிந்ததும் அந்த மைக்கை மூடுங்கள். பொன்னாடை போர்த்தும்வரை மேடையோரம் திறந்தே கிடக்கும் அந்த ஒரு மைக்தான் பாதிக் கச்சேரிகளின் வில்லன்.

பொழுது சாய்ந்த பிறகு ஒன்று மாறும். பகலில் தரை சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போகிறது. இரவில் தரையையொட்டிய காற்று குளிர்ந்து, மேல்காற்று வெதுவெதுப்பாக இருந்தால் ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் ஓடும். அடுத்த ஊர்க் கோயில் பாட்டு நடுநிசியில் நம் திண்ணையில் கேட்பது இதனால்தான். மாலை 6 மணிக்கு வைத்த அளவை 9 மணிக்கு மறுபடி பாருங்கள். ஊர் அடங்கியிருக்கும், குறைத்தாலும் கேட்கும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி எழுத்து அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் அது கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் 12 மணிவரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை மாநில அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். பொது இடத்தின் எல்லையில் 75 டெசிபலைத் தாண்டக்கூடாது, சுற்றுப்புறத்துக்கான அளவைவிட 10 கூடுதல் என்பது அதற்கும் குறைவாக வந்தால் அதுவே வரம்பு. குடியிருப்புத் தெருவில் அப்படித்தான் வரும். இரண்டு பாக்ஸைக் கூட்டத்தைப் பார்த்துச் சாய்த்து வைத்திருப்பவருக்கு இந்த வரம்புக்குள் நிற்பது எளிது. கம்பத்துக்குக் கம்பம் கூம்பு கட்டியவருக்கு வழியே இல்லை.

தூறல் விழுந்தால் முதலில் மேடை பிளக்குகளை அணையுங்கள், தார்ப்பாயைத் தேடுவது அதற்குப் பிறகு. மங்களம் முடிந்து கழற்றும்போது ஆம்ப்ளிஃபயரை முதலில் நிறுத்தி, மிக்ஸரைக் கடைசியில் நிறுத்துங்கள். வரிசை மாறினால் 'டம்' என்று ஒரு அடி விழும், அதில் ட்வீட்டர் (உயர் அதிர்வெண் ஸ்பீக்கர்) எரிந்தாலும் எரியும். பனி இறங்கிய இரவென்றால் ஃபோம் தொப்பிகளைக் கழற்றி, மைக்குகளைத் துடைத்துத் தனியாகப் பெட்டியில் போடுங்கள். ஈர ஃபோமோடு மூடிவைத்தால் மைக் வலைக்குள் துருப்பிடிக்கும்.

நன்றி, வணக்கம்.