கோடைக்கு மட்டும் அமெரிக்கா

எல்லாருக்கும் வணக்கம். நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். 2014 செப்டம்பரில் பீனிக்ஸ் மெர்க்குரி அணி அமெரிக்க மகளிர் கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏ கோப்பையை ஜெயிக்கிறது, இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் டயானா டவுராசி. ஐந்து மாதம்கூட ஆகவில்லை, அடுத்த சீசன் ஆடப்போவதில்லை என்று ரசிகர்களுக்குக் கடிதம் எழுதிவிட்டார். காயம் இல்லை, யாரோடும் தகராறும் இல்லை. ரஷ்யாவில் அவர் ஆடிக்கொண்டிருந்த கிளப், கோடையில் ஓய்வெடு, உன் ஊர் லீக் தருகிற சம்பளத்தையும் நாங்களே தந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டது. சும்மா இருக்கச் சம்பளம்!

கேட்கச் சிரிப்பாக இருக்கும். கணக்கைப் பார்த்தால் சிரிப்பு வராது. அப்போது டபிள்யூஎன்பிஏவில் ஒருவர் வாங்கக்கூடிய உச்ச சம்பளமே ஒரு சீசனுக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் டாலர்தான். ரஷ்யாவில் அவருக்குக் கிடைத்தது சுமார் 15 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. உலகின் முதல் வரிசை ஆட்டக்காரருக்குச் சொந்த நாட்டில் கிடைத்தது, வெளியில் கிடைத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளைப் படித்தால் 3 டபிள்யூஎன்பிஏ கோப்பை, 6 ஒலிம்பிக் தங்கம், அந்த லீக் வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள், எல்லாம் வரிசையாக வரும். அப்புறம் கடைசியில் 'வெளிநாடுகளிலும் ஆடியிருக்கிறார்' என்று போகிறபோக்கில் ஒரு வரி. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். உண்மை இதற்கு நேர் எதிர். அவருடைய வேலை ரஷ்யாவில் இருந்தது. கோடையில் அமெரிக்காவுக்கு வந்து ஆடிவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

2004இல் கல்லூரியை முடித்ததும் பீனிக்ஸ் அணி அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. முதல் வருடச் சம்பளம் சுமார் 40 ஆயிரம் டாலர். அடுத்த வருடமே மாஸ்கோவின் டைனமோ கிளப்புக்குப் போகிறார். அங்கே ஒரு சீசன்தான். அதன்பின் மாஸ்கோவை ஒட்டிய விட்னோயேயில் இருந்த ஸ்பார்டக் அணி அவரையும் அவருடைய கல்லூரித் தோழி சூ பேர்டையும் சேர்த்து அழைத்துக்கொண்டது.

ஸ்பார்டக்கின் முதலாளி ஷப்தாய் கால்மனோவிச் ஒரு விசித்திரமான மனிதர். லித்துவேனியாவில் பிறந்து, இஸ்ரேலில் குடியேறி, சோவியத் உளவாளி என்று அங்கேயே பிடிபட்டு, 1988இல் 9 ஆண்டு தண்டனை பெற்று, 1993இல் வெளியே வந்து, ரஷ்யாவில் பெரும் பணக்காரரானவர். கூடைப்பந்தின் மேல் பைத்தியம். தன் ஆட்டக்காரர்களுக்கு நீச்சல்குளம் உள்ள வீடு, காருக்கு ஓட்டுநர், வெளியூர் போனால் நல்ல ஹோட்டல் என்று எதிலும் குறை வைக்கவில்லை. டிக்கெட் விற்று இதையெல்லாம் ஈடுகட்ட வழியே இல்லை. தன் ஆசைக்குத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்தக் காலத்து ஜமீன்தார்கள் வித்வான்களை ஆதரித்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் சங்கதியும் உண்டு. ஐரோப்பிய ஆட்டங்களில் இத்தனை அமெரிக்கர்தான் ஆடலாம் என்று கட்டுப்பாடு இருந்தது. டவுராசியின் அப்பா இத்தாலியில் பிறந்து அர்ஜென்டினாவில் வளர்ந்தவர் என்பதால் மகளுக்கும் இத்தாலியக் குடியுரிமை இருந்தது, சூ பேர்டுக்கு இஸ்ரேல் குடியுரிமை கிடைத்தது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் பிறந்த பெக்கி ஹாமன் என்ற ஆட்டக்காரர் ஒரு படி மேலே போய், ரஷ்யக் குடியுரிமை வாங்கி, 2008 ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்காகவே ஆடி வெண்கலம் வாங்கினார். தேசத் துரோகம் என்றெல்லாம் அமெரிக்காவில் பேசினார்கள். பேசியவர்கள் யாரும் அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் இல்லை.

டவுராசியின் ஒரு பதினாறு மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2009 அக்டோபர் 9, பீனிக்ஸில் டபிள்யூஎன்பிஏ கோப்பை. உடனே ரஷ்யா. நவம்பர் 2ஆம் தேதி மாஸ்கோ நடுத்தெருவில், காரில் போய்க்கொண்டிருந்த கால்மனோவிச்சை இன்னொரு காரில் வந்தவர்கள் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். சம்பளம் கொடுத்தவர், வீடு கொடுத்தவர், போய்விட்டார். மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆட்டக்காரர்கள் போகவில்லை. கால்மனோவிச்சின் மனைவி, முன்னாள் ஆட்டக்காரர் அன்னா அர்ஹிபோவா அணியை நடத்தினார், 2010 ஏப்ரலில் ஸ்பார்டக் தொடர்ந்து நான்காவது முறையாக, ஐரோப்பிய கிளப்புகளின் முதன்மைப் போட்டியான யூரோலீக் கோப்பையை ஜெயித்தது. அடுத்து கோடை, பீனிக்ஸ். அக்டோபர் தொடக்கத்தில் செக் குடியரசில் உலகக் கோப்பை, தங்கம். அங்கிருந்து இஸ்தான்புல், ஃபெனர்பாஷே கிளப். ஓய்வு எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள்.

இஸ்தான்புல்லில் அடுத்த இடி. டவுராசியின் ஊக்கமருந்து சோதனையில் மோடஃபினில் என்ற மருந்து இருந்ததாக அங்காரா ஆய்வகம் சொன்னது. தூக்கத்தை விரட்டுகிற மருந்து அது. அவர் மறுத்தார், யாரும் காதில் வாங்கவில்லை. தற்காலிகத் தடை வந்தது, கிளப் ஒப்பந்தத்தை ரத்து செய்தது, பேரும் போனது. 2011 பிப்ரவரியில் அதே ஆய்வகம் எங்கள் முடிவு தவறு என்று தானாகவே பின்வாங்கியது. பெயர் மீண்டது, சீசன் மீளவில்லை. உள்ளூரில் ஆடி உள்ளூரில் வாழ்கிறவருக்கு இப்படி நடந்தால் பக்கத்தில் வீட்டார் இருப்பார்கள், வழக்கறிஞர் இருப்பார், நாலு பேர் பரிந்து பேசுவார்கள். அவர் இருந்ததோ அந்நிய ஊர். சரி, இனி துருக்கிப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார் என்றுதானே நினைப்போம்? அடுத்த சீசன் அதே இஸ்தான்புல்லில், ஃபெனர்பாஷேயின் பரம எதிரியான கலாட்டாசராயில் ஆடினார்! இந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

2012இலிருந்து யெகாடெரின்பர்க். யூரல் மலைப் பக்கம், செம்புத் தொழிலில் கொழித்த யுஎம்எம்சி என்ற சுரங்க நிறுவனத்தின் அணி. அங்கே 2 யூரோலீக் கோப்பை, மொத்தம் 6. ஆனால் 2015 கடிதத்தில் அவர் எழுதியிருந்தது முக்கியம்: வருடம் முழுக்க ஆடி ஆடி உடம்பு தேய்ந்துவிட்டது. இது எல்லாருக்கும் நடந்தது. 2019 ஏப்ரலில் யூரோலீக் இறுதி ஆட்டத்தில் இன்னொரு அமெரிக்க நட்சத்திரமான பிரியானா ஸ்டூவர்ட்டுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது, அந்த வருட டபிள்யூஎன்பிஏ சீசன் முழுவதும் போனது. அப்போதுதான் டபிள்யூஎன்பிஏவில் கொஞ்சம் கண் திறந்தார்கள். 2020 ஒப்பந்தத்தில் உச்ச சம்பளம் 2 லட்சத்து 15 ஆயிரம் டாலர் ஆனது.

அது போதவில்லை என்பதற்கு பிரிட்னி கிரைனரே சாட்சி. பீனிக்ஸில் டவுராசியோடு ஆடியவர், யெகாடெரின்பர்க்கிலும் ஆடியவர். 2022 பிப்ரவரி 17, அந்த அணிக்குத் திரும்பும் வழியில்தான் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதானார். 9 ஆண்டு தண்டனை, டிசம்பரில் ஆயுத வியாபாரி விக்டர் போட்டுக்கு மாற்றாக விடுதலை. ஏன் அங்கெல்லாம் போகிறார்கள் என்று அப்போது பல பேர் ஆச்சரியப்பட்டுக் கேட்டார்கள். பதினைந்து வருடத்துக்கு மேலாக மகளிர் கூடைப்பந்தின் பெரிய சம்பளமெல்லாம் ரஷ்யாவில் இருந்தது, கேட்டவர்கள் அதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

டவுராசி 2017இலேயே ரஷ்ய வாழ்க்கையை முடித்துக்கொண்டார். யெகாடெரின்பர்க் அணி வெளியூர் ஆட்டங்களுக்குத் தனி விமானத்தில் போகும். அமெரிக்காவில் அந்த ஆறடி, ஆறரையடிப் பெண்கள் சாதாரணப் பயணிகள் விமானத்தில் காலை மடக்கி உட்கார்ந்து போனார்கள். டபிள்யூஎன்பிஏ எல்லா அணிகளுக்கும் சீசன் முழுக்கத் தனி விமானம் ஏற்பாடு செய்தது 2024இல். 42 வயது டவுராசிக்கு அதுதான் கடைசி சீசன்.