பூமி நமக்காகவே அமைக்கப்பட்டதா? கல்லணையிலிருந்து ஒரு விளக்கம்

[காட்சி: மேலிருந்து கல்லணை. நான்கு நீர்வழிகளும் ஒரே சட்டத்தில்.]

கல்லணையில் தண்ணீர் நான்காகப் பிரிகிறது. காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய். கடைசியாகச் சொன்னதைத் தஞ்சாவூர்ப் பக்கம் புது ஆறு என்பார்கள். கூடவே நடந்து பார்த்தால் அது வெட்டிய வாய்க்கால் என்பது தெரிந்துவிடும். மேட்டைப் பிடித்துக்கொண்டு போகிறது, குறுக்கே வரும் காட்டாறுகளைக் கட்டுமானம் போட்டுத் தாண்டுகிறது. தானாக ஓடும் தண்ணீர் பள்ளத்தைத்தான் தேடும். மேட்டூர்த் திட்டத்தோடு சேர்ந்து 1934-இல் திறக்கப்பட்ட கால்வாய் என்ற பதிவும் நம் கையில் இருக்கிறது.

“பூமி உயிர்களுக்கு இவ்வளவு பொருந்தி வருகிறதே, படைத்தவன் ஒருவன் இருக்கத்தானே வேண்டும்?” இந்தக் கேள்வியைப் புது ஆற்றைப் பார்த்த கண்ணோடு பார்ப்போம். பூமியைப் பொறுத்தவரை திறப்புவிழாப் பதிவு எதுவும் கிடையாது. மிஞ்சுவது முதல் சோதனைதான்: தானாக நடக்க முடியாத ஏதாவது இங்கே நடந்திருக்கிறதா?

[காட்சி: பலகையில் கணக்கு.]

வெப்பத்திலிருந்து தொடங்குவோம். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தத் தூரத்தில் நேரே விழும் வெயில், சதுர மீட்டருக்கு 1,361 வாட். பூமி உருண்டை என்பதால் மேற்பரப்பு முழுவதற்கும் பங்கிட்டால் நாலில் ஒரு பங்கு, 340 வாட். அதில் 30 சதவீதத்தை மேகமும் பனியும் மணலும் திருப்பி அனுப்பிவிடுகின்றன. உள்ளே தங்குவது 238 வாட். இந்த அளவு வெப்பத்தை வாங்கி அதே அளவை வெளியே விடும் பொருளின் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி.

அதாவது, சூரியனிலிருந்து சரியான தூரம் என்று நாம் எப்போதும் சொல்கிறோமே, அந்தத் தூரம் மட்டும் இருந்தால் கடல் உறைந்து கிடக்கும். உண்மையான சராசரி ஏறத்தாழ 15 டிகிரி. நடுவே இருக்கும் 33 டிகிரியைக் காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் தருகின்றன. ஆகவே கேள்வியைத் திருத்திக் கேட்க வேண்டும்: கரியமில வாயுவை இந்த அளவில் நிறுத்தி வைத்திருப்பது எது?

[காட்சி: தலைக்காவிரி மழை. பிறகு அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கம்.]

பதிலில் ஒரு பங்கு காவிரிக்கும் உண்டு. மழைநீர் காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக விழுகிறது. குடகிலும் மைசூர் மேட்டு நிலத்திலும் உள்ள பழம்பாறையை மெல்ல மெல்ல அரிக்கிறது. பாறையிலிருந்து கால்சியமும், வாயுவிலிருந்து வந்த பைகார்பனேட்டும் ஆற்றோடு கடலுக்குப் போகின்றன. கடலில் கிளிஞ்சலும் நுண்ணுயிரும் அவற்றை ஓடாகக் கட்டுகின்றன. ஓடு அடியில் படிந்து சுண்ணாம்புக்கல் ஆகிறது.

இந்தக் கல்லைப் பார்க்கக் கொள்ளிடத்தைத் தாண்டி அரியலூர் போனால் போதும். டைனோசர் காலத்தில் அங்கே கடல். இன்று சிமென்ட் ஆலைகளுக்குப் போகும் கல் அந்தக் கடலின் அடிமண். ஒரு துண்டு கிடைத்தால் ஆணியால் சுரண்டி, தூளின் மேல் வினிகர் விடுங்கள். முழுக் கல்லின் மேல் விட்டால் பொங்குவது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், தூளில் நன்றாகத் தெரியும். கழிப்பறை ஆசிட் வேண்டாம், அதன் புகை கெடுதல். பொங்கி வருவது கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கல்லில் அடைபட்டிருந்த கரியமில வாயு. சுத்தமான சுண்ணாம்புக்கல் ஒரு டன்னில் இது 440 கிலோ இருக்கும்.

இனி, இது தன்னைத் தானே சரிசெய்யும் விதம். பூமி சூடானால் மழை கூடும், பாறை வேகமாக அரியும், வாயு குறையும், சூடு தணியும். குளிர்ந்தால் அரிப்பு மந்தமாகும், எரிமலைகளோ வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும், மறுபடி சூடேறும். ஒரு சுற்றுக்குப் பல லட்சம் ஆண்டுகள். வெள்ளிக் கோளில் அரிக்கத் தண்ணீர் இல்லை. அங்கே கரியமில வாயு முழுக்கக் காற்றிலேயே நின்றுவிட்டது. தரை வெப்பம் 460 டிகிரி.

பூமியிலும் இந்த ஏற்பாடு தவறியதுண்டு. சுமார் 70 கோடி ஆண்டுகளுக்கு முன் பனி நிலநடுக்கோடு வரை வந்தது. எரிமலை வாயு சேர்ந்து சேர்ந்துதான் அதை உருக்கியது.

[காட்சி: நாகப்பட்டினம் கடற்கரை. இசை வேண்டாம்.]

கடலடிச் சுண்ணாம்பு மறுபடி எரிமலை வாயுவாக வர, கடல்தளம் பூமியின் மேலோட்டிலுள்ள இன்னொரு பாறைத் தட்டுக்கு அடியில் இறங்க வேண்டும். சுமத்ரா அருகே அப்படி இறங்கும் இடம்தான் 26.12.2004 அன்று நழுவியது. அதனால் எழுந்த சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெப்பத்தைக் காக்கும் இயந்திரமும் அந்த அலையை எழுப்பியதும் ஒன்றே. படைப்புக்குச் சான்றாக முதலாவதை எடுத்துக்கொள்கிறவர் இரண்டாவதையும் அதே கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும். ஒன்றை மட்டும் எண்ணுவது இறந்தவர்களுக்கு நியாயம் செய்வதாக எங்களுக்குப் படவில்லை.

[காட்சி: நடவு முடிந்த வயல், அருகிலிருந்து.]

ஆக்சிஜன்? அது ஆரம்பத்தில் இல்லவே இல்லை. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் காற்றில் சேரத் தொடங்கியது. சேர்த்தது நீலப்பச்சைப் பாசி. நடவு வயலில் தழைச்சத்துக்காக இன்றைக்கும் விடுகிறோமே, அதே இனம். தண்ணீர் கட்டிய வயலில் கால் வைத்தால் சேற்றிலிருந்து குமிழி கிளம்பும், அதில் மீத்தேன் உண்டு. அதை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் நஞ்சு. மேலே சில மில்லிமீட்டர் மண்ணில் ஆக்சிஜன் இருக்கும். அதற்குக் கீழே அது எட்டாத உலகம். ஒரே வயல், இரண்டு பூமி. எந்தக் கூட்டத்தைக் கேட்டாலும் “எனக்காகச் செய்தது” என்றுதான் சொல்லும். பொருத்தத்தில் பெரும்பங்கு உயிர்கள் பூமியை மாற்றியதாலும், பூமி உயிர்களைச் சலித்து எடுத்ததாலும் வந்தது.

இன்னொன்றும் உண்டு. பொருந்தாத கோளில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்க மாட்டார். நம் பால்வீதியில் மட்டும் 10,000 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள். 1990-களிலிருந்து இதுவரை உறுதியான வெளிக்கோள்கள், அதாவது பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்கள், 5,000-க்கும் மேல். அத்தனையில் ஒன்று தேறுவதற்குத் தனிக் காரணம் தேவைப்படாது. எங்கள் முடிவு: கோள் அளவில் புது ஆற்றைப் போல மேட்டில் ஓடும் தண்ணீர் எதுவும் தென்படவில்லை.

[காட்சி: கரும்பின்னணி. மூன்று ஹீலியம் அணுக்கருக்கள்.]

இயற்பியல் விதிகளின் அளவில் விஷயம் இவ்வளவு எளிதில் முடியாது. விண்மீனுக்குள் மூன்று ஹீலியம் சேர்ந்து கார்பன் ஆக, கார்பன் அணுக்கருவில் ஒரு குறிப்பிட்ட ஆற்றல் நிலை தேவை. 1953-இல் பிரிட்டன் வானியலாளர் ஃப்ரெட் ஹாய்ல், கார்பன் உலகில் ஏராளமாக இருப்பதால் அந்த நிலை இருந்தே தீரும் என்றார். சோதித்தார்கள், 7.65 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில் (அணுக்கரு ஆற்றலை அளக்கும் அலகு) இருந்தது. அது போதிய அளவு விலகியிருந்தால் கார்பன் மிக அரிதாகியிருக்கும். இங்கே ஒப்பிட வேறு பிரபஞ்சம் நம்மிடம் இல்லை. பல பிரபஞ்சங்கள், இன்னும் பிடிபடாத ஆழமான விதி, படைத்தவன் என்று மூன்று விடைகளையும் அறிவுள்ளவர்கள் சொல்கிறார்கள். மூன்றில் ஒன்றையும் சோதித்து முடிக்க இன்று வழியில்லை.

திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்கள் கற்பித்துவரும் சைவ சித்தாந்தம் பொருத்தத்தின் மேல் நிற்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதன் அடிப்படை நூலான சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம் எடுப்பது வேறு வழி: உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது, ஆகவே அது காரியம், அதாவது செய்யப்பட்ட பொருள், காரியத்துக்குச் செய்பவன் வேண்டும். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். இந்த வாதம் வெள்ளிக் கோளுக்கும் அப்படியே பொருந்தும். பூமி கொதித்துக் கிடந்தாலும் மாறாது. அதை மறுக்க நினைப்பவர் 15 டிகிரியையும் ஆக்சிஜனையும் பேசிப் பயனில்லை. உலகம் முழுவதையும் ஒரு குடத்தைப் போலக் காரியம் என்று கொள்ளலாமா என்ற இடத்தில்தான் அவர் கேள்வியை வைக்க வேண்டும்.