பையைத் திறக்காத பிள்ளை

அன்பான நேயர்களே, வணக்கம்.

ஆடும் முயலும் பேசுகிற நாடகங்கள் சின்னப் பிள்ளைகளுக்கு இருக்கின்றன. பெரியவர்களுக்கும் நாடகங்கள் இருக்கின்றன. 13 வயதிலிருந்து 17 வயது வரையுள்ளவர்களின் கையில் கொடுக்கத்தான் ஒரு குறுநாடகத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. பாடசாலைகளின் தமிழ்த்தினப் போட்டி வந்தால் அட்டைக் கிரீடமும் நீண்ட வசனமுமாக ஓர் அரச நாடகம் தயாராகும். இல்லையென்றால், கெட்டுப்போன மாணவன் கடைசிக் காட்சியில் அழுது திருந்துவான். இது தங்கள் கதை இல்லை என்று நடிக்கிற பிள்ளைகளுக்கே தெரியும்.

ஒரு பாடவேளை 40 நிமிடமளவு. 15 நிமிட நாடகமென்றால் அதற்குள் சத்தமாக வாசித்து முடித்து, அதைப் பற்றிப் பேசவும் நேரம் மிஞ்சும். குறுநாடகம் வேண்டுமென்று நான் கேட்பது முதலில் இதற்காகத்தான்.

அப்புறம், வகுப்பில் 35 பேர், நாடகத்தில் ஐந்து பாத்திரம் என்றால் மற்றவர்கள் திரை இழுக்கவும் கதிரை தூக்கவும்தானா? இதற்கு வழி நம்முடைய கூத்திலேயே இருக்கிறது. கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார் பாட, பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாட, ஆடுகளமான களரியில் நிற்கிற எல்லோருக்கும் கதையில் பங்குண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு அந்தக் கூத்தை மேடையேற்றினார். 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்காகப் பல நாடகங்கள் எழுதினார். கதையைச் சொல்லிச் செல்கிற எடுத்துரைஞரையும் பாடுவோரையும் வைத்து அந்த வழியில் எழுதினால் பின்திரையே தேவைப்படாது. பத்துப் பேர் சேர்ந்து பஸ்ஸாவார்கள், மழையாவார்கள், ஊர்வாயும் ஆவார்கள்.

சரி, எதைப் பற்றி எழுதுவது? ரியூசன் முடிந்து ஐந்து பேர் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். ஒருத்தியின் போனைக் காணவில்லை. எல்லாருடைய பையையும் பார்ப்போம் என்கிறான் ஒருவன். ஒவ்வொருவராகத் திறக்கிறார்கள். ஒரு பிள்ளை மட்டும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் போனை எடுக்கவில்லை. உள்ளே இருப்பது, அடகு வைத்துவிட்டு வா என்று அம்மா கொடுத்தனுப்பிய காப்பு. இதைவிடப் பெரிய கதை அந்த வயதுக்குத் தேவையில்லை. "உன்ர பையைத் திற", "நான் ஏன் திறக்கோணும்?" என்று அவர்கள் பேசுகிற பேச்சிலேயே வசனம் இருக்கட்டும்.

முதல் வாரம் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம். வட்டமாக இருந்து, பக்கத்துக்குப் பக்கம் பாத்திரத்தை மாற்றி வாசிக்கட்டும். பையைத் திறக்கச் சொன்னவன் அடுத்த பக்கத்தில் அந்தப் பிள்ளையின் வசனத்தை வாசிக்க வேண்டி வரும். அப்போது அவன் குரல் தானாகத் தணியும். நடிப்புப் பயிற்சியில் இதற்கு ஈடாக நான் வேறொன்றையும் சொல்லமாட்டேன். அந்த நேரத்தில் உச்சரிப்பைத் திருத்துகிறேன் என்று ஆசிரியர் குறுக்கே போகாமல் இருந்தால் போதும்.

முடிவை எழுதாமலே பிரதியைக் கொடுத்துப் பாருங்கள். வகுப்பை இரண்டு குழுவாகப் பிரித்தால் இரண்டு முடிவு வரும், இரண்டையும் ஒரே நாளில் ஆடலாம். போட்டி நடுவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: கடைசிக் காட்சியில் அறிவுரை இல்லை என்பதற்காகப் பிள்ளைகளுக்குப் புள்ளியைக் குறைக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.