ஸ்பாஞ்சு தோட்டாவும் ஒரு பொறி நெருப்பும்

வணக்கம் நேயர்களே. நெர்ஃப் என்ற பொம்மைத் துப்பாக்கியைப் பார்த்திருப்பீர்கள். விசையை இழுத்தால் விரல் நீளத்துக்கு ஒரு ஸ்பாஞ்சு தோட்டா பறக்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன். சைக்கிள் பம்பு மாதிரிதான். அமெரிக்காவில் இதைப் பிரித்துப் போட்டு மாற்றியமைப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களில் சிலருக்கு ஸ்பிரிங் போதவில்லை. எரிவாயுவை வெடிக்கவைத்துத் தோட்டாவைத் தள்ளிப் பார்த்தார்கள்.

முதல் தலைவலி கலவை. புரொப்பேன் என்ற எரிவாயு காற்றில் சுமார் 2 சதவீதத்துக்குக் குறைந்தாலும் பற்றாது, 10 சதவீதத்தைத் தொட்டாலும் பற்றாது. அடுப்பு லைட்டரை எத்தனை முறை 'டிக் டிக்' என்று அடித்தாலும் சில சமயம் சும்மா இருக்குமே, அதே கதைதான்.

சரி, பற்றிவிட்டது, தோட்டாவும் பறந்துவிட்டது. இரண்டாவது தோட்டா? எனக்குப் பிடித்த இடம் இதுதான். துப்பாக்கிக்குள் வாயு எரியும் சிறு அறையில் இப்போது இருப்பது கரியமில வாயு, நீராவி, மிச்ச நைட்ரஜன். ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கும். எவ்வளவு வாயுவை விட்டாலும் எரியாது. பழைய மூச்சை வெளியே விட்டுப் புது மூச்சு இழுத்தாக வேண்டும். பைக் எஞ்சினில் பிஸ்டனே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இங்கே அதற்கு ஆளில்லை. அதனால் அறைக்குள் ஒரு குட்டி விசிறியை வைத்தார்கள். தச்சர்கள் பயன்படுத்தும் பாஸ்லோட் நிறுவனத்தின் ஆணியடிக்கும் கருவி 1986இலேயே இப்படித்தான் வந்தது: எரிவாயு, பொறி, கலக்கவும் புகையைத் தள்ளவும் ஒரு விசிறி.

வேகம் கூடுவதில் ஒரு வம்பும் உண்டு. கடையில் வாங்கும் துப்பாக்கியில் ஒரு கிராம் தோட்டா விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் போகும். வேகம் மூன்று மடங்கானால் அடி ஒன்பது மடங்கு. சாதாரண நெர்ஃப் தோட்டா பட்டே கண்ணுக்குள் ரத்தம் கட்டிய மூன்று பேரைப் பற்றி, லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 2017இல் எழுதியிருக்கிறார்கள். அதனால் தயவுசெய்து இதை வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

அப்புறம், இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். சத்தம் பிரமாதம். ஆனால் விசிறி சுற்றிப் புகையைத் துரத்தி, புதுக் காற்று நிரம்புவதற்குள், பக்கத்துவீட்டுப் பையன் ஸ்பிரிங் துப்பாக்கியால் நாலு தோட்டா விட்டிருப்பான்.