கச்சத்தீவை வைத்து ஒரு மூட் கோர்ட் நடத்துவது எப்படி?

[திரையில்: ராமேஸ்வரம் துறைமுகம். வரிசையாக நிற்கும் விசைப்படகுகள்.]

வணக்கம். நவம்பர் பிறந்தாலே சட்டக் கல்லூரிகளில் கருத்தரங்க சீசன்தான். 1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபை நம் அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டது. 2015 முதல் அந்த நாள் அரசியலமைப்பு தினம். அந்த வாரம் முழுக்க பேனர், பொன்னாடை, முகப்புரை வாசிப்பு, நினைவுப் பரிசு. தலைப்பு பெரும்பாலும் 'அரசியலமைப்பும் இன்றைய சவால்களும்' என்கிற மாதிரி இருக்கும். அதில் எதை வேண்டுமானாலும் பேசலாம். அதனாலேயே எதுவும் உருப்படியாகப் பேசப்படுவதில்லை.

ராமநாதபுரத்தில் அரசு சட்டக் கல்லூரி 2017இல் வந்தது. அங்கே படிக்கும் தம்பி தங்கைகள் கருத்தரங்கம் நடத்துவதாக இருந்தால் என் யோசனை இதுதான்: தலைப்புக்காக டெல்லி வரை போக வேண்டாம். ராமேஸ்வரத்துக்கு வடகிழக்கே, கடலுக்குள்ளேயே ஒன்று கிடக்கிறது. 285 ஏக்கர், குடிதண்ணீர் கிடையாது, ஒரு அந்தோணியார் கோயில். கச்சத்தீவை மேடைப் பேச்சாளர்களிடம் விட்டுவிடாமல் மூட் கோர்ட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

[திரையில்: வகுப்பறையில் போடப்பட்ட நீதிபதி மேசை. நீல அட்டை, சிவப்பு அட்டை மெமோரியல்கள்.]

மூட் கோர்ட் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: மாதிரி நீதிமன்றம். ஓர் அணியில் வழக்கமாக மூன்று பேர். இரண்டு பேர் வாதாடுவார்கள், ஒருவர் ஆராய்ச்சியாளர். எழுத்து வாதத்துக்குப் பெயர் மெமோரியல். மனுதாரருக்கு நீல அட்டை, எதிர்மனுதாரருக்குச் சிவப்பு அட்டை போடுவது வழக்கம். இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளிலேயே மூட் கோர்ட்டுக்கு 30 மதிப்பெண் உண்டு. ஆனால் அதற்கும் கருத்தரங்கத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் மதிப்பெண் இல்லை. கருத்தரங்கில் பேச்சாளரை யாரும் இடைமறிக்க மாட்டார்கள். மூட் கோர்ட்டில் இரண்டாவது வாக்கியத்திலேயே நீதிபதி கையைத் தூக்குவார். இன்னொன்று, எந்தத் தரப்பு என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். தங்கச்சிமடத்து மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு மத்திய அரசின் தரப்பு விழலாம். விழட்டும், அதுதான் பயிற்சி.

சரி, வழக்குக்கு வருவோம்.

[திரையில்: பாக் நீரிணை வரைபடம். 1974 எல்லைக்கோடு.]

1974 ஜூன் மாதம் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பாக் நீரிணையில் எல்லைக்கோடு போடப்பட்டது. கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. இதற்காக அரசியலமைப்புத் திருத்தம் எதுவும் செய்யப்படவில்லை. 2008இல் ஜெயலலிதா இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். பிறகு தமிழக அரசின் வருவாய்த் துறையும் அந்த வழக்கில் சேர்ந்துகொண்டது. 2013இல் மு. கருணாநிதியும் மனு போட்டார்.

மூட் கோர்ட்டில் கேள்வி ஒரே வரிதான்: நடந்தது நிலத்தை விட்டுக்கொடுத்ததா, தகராறில் இருந்த எல்லையைத் தீர்த்துக்கொண்டதா?

ஒரே வரி என்றாலும் வழக்கு மொத்தமும் அதில்தான் இருக்கிறது. ஏனென்றால் இரண்டுக்கும் உச்ச நீதிமன்றம் ஏற்கனவே வேறுவேறு பதில் சொல்லியிருக்கிறது.

முதலாவது பெருபாரி, 1960. மேற்கு வங்கத்தில் பெருபாரி என்று ஒரு பகுதி. 1958இல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் நூனும் அதைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 'இது வெறும் எல்லைத் தெளிவுதான்' என்று அரசு சொன்னது, நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்திய மண்ணை வேறு நாட்டுக்குக் கொடுப்பதென்றால் பிரிவு 368இன்படி அரசியலமைப்பைத் திருத்த வேண்டும், பிரிவு 3இன் கீழ் சாதாரணச் சட்டம் போதாது என்றது. அப்படி வந்ததுதான் ஒன்பதாவது திருத்தம்.

இரண்டாவது மகன்பாய் வழக்கு, 1969. கட்ச் பகுதியில் பாகிஸ்தானோடு எல்லைத் தகராறு. சர்வதேசத் தீர்ப்பாயம் 1968இல் தகராறிலிருந்த நிலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கைப் பாகிஸ்தானுக்குக் கொடுத்தது. இதற்குத் திருத்தம் தேவையில்லை என்றது உச்ச நீதிமன்றம். உண்மையிலேயே தகராறில் இருந்த எல்லையைத் தீர்த்துக்கொள்வது அரசு நிர்வாகத்தின் அதிகாரத்துக்குள் வருகிறது.

இப்போது புரிந்திருக்கும். நீல அட்டை பெருபாரியைப் பிடித்துக்கொள்ளும், சிவப்பு அட்டை மகன்பாயை. மத்திய அரசும் 2013இல் இந்தத் திசையில்தான் பதில் சொன்னது: அந்தப் பகுதி தகராறில் இருந்தது, எல்லை வரையறுக்கப்படவே இல்லை, ஆகவே இந்திய நிலம் எதுவும் கொடுக்கப்படவில்லை.

[திரையில்: ராமலிங்க விலாசம் அரண்மனை, ராமநாதபுரம்.]

மனுதாரர் தரப்பில் எல்லோரும் முதலில் எடுப்பது சேதுபதி ஜமீனைத்தான். கச்சத்தீவு ராமநாதபுரம் ஜமீனின் கணக்கில் இருந்தது, ஜமீன் ஒழிந்ததும் அரசுக்கு வந்தது, ஆக இந்திய நிலம். கேட்க நன்றாக இருக்கும், உள்ளூரில் கைதட்டலும் கிடைக்கும். உடனே நீதிபதி கேட்பார்: "கீழக்கரைக்காரர் கொழும்பில் கடை வாங்கினால் அந்தக் கடை இந்திய மண்ணாகிவிடுமா?" நில உரிமை வேறு, நாட்டின் இறையாண்மை வேறு. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஜமீன் ஆவணங்களைத் தொடவே கூடாது.

எதிர்த்தரப்புக்கு 1921 நல்ல ஆயுதம். அந்த ஆண்டே சென்னை மாகாணப் பிரதிநிதிகளும் இலங்கைப் பிரதிநிதிகளும் கொழும்பில் உட்கார்ந்து மீன்பிடி எல்லை பற்றிப் பேசியிருக்கிறார்கள். கச்சத்தீவு யாருக்கு என்பதில் அப்போதே முட்டிக்கொண்டது. தகராறு 1974இல் புதிதாக முளைத்ததல்ல என்று காட்ட இதைவிடப் பழைய சாட்சி வேண்டுமா?

மனுதாரருக்கு என் கணிப்பில் இருக்கிற சிறந்த வாதம் வங்கதேசம். கச்சத்தீவு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதம் முன்பு, 1974 மே மாதம், இந்திரா காந்தி முஜிபுர் ரஹ்மானோடும் நில எல்லை ஒப்பந்தம் போட்டார். அதை நிறைவேற்ற 2015இல் நூறாவது அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவந்தார்கள். அங்கே திருத்தம் தேவைப்பட்டது, இங்கே மட்டும் எப்படித் தேவைப்படாமல் போனது? பெஞ்சில் இருப்பவர் ஒரு நிமிடமாவது பேனாவை எடுப்பார். எதிர்த்தரப்பு சமாளிக்க முடியும்தான்: அங்கே கைமாறியது தகராறே இல்லாத நிலத்திட்டுகள் என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பதிலைத் தயாராக வைத்திருக்கும் அணி குறைவு.

அப்புறம் காலதாமதம். "1974இல் நடந்ததற்கு 2008இல் வருகிறீர்களே, 34 வருஷம் என்ன செய்தீர்கள்?" இது கண்டிப்பாக வரும். இங்கே வரலாறு பேச ஆரம்பித்தால் நேரம் போய்விடும். நேரக்காப்பாளர் 'இரண்டு நிமிடம்' அட்டையைத் தூக்குவார், ஆராய்ச்சியாளர் பின்னாலிருந்து துண்டுச்சீட்டு நீட்டுவார், பேசுபவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நேராக வாழ்வாதாரத்துக்குப் போங்கள். நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் பிரிவு 32 மனுவுக்கு அடிப்படை உரிமை மீறல் காட்டியாக வேண்டும். வாழ்வாதாரம் உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் பிரிவு 21க்குள் வரும் என்று 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. படகு பிடிபடும் ஒவ்வொரு முறையும் அந்த மீறல் புதிதாக நடக்கிறது என்று வாதாடலாம். தேறுமா என்பது வேறு விஷயம், ஆனால் வாதம் அதுதான்.

[திரையில்: ஒப்பந்தத்தின் ஐந்தாவது, ஆறாவது ஷரத்துகள்.]

ஒப்பந்தத்தையே முழுசாகப் படிக்காமல் வாதாட வருபவர்கள் நிறைய. இரண்டு பக்கமும் படிக்க வேண்டிய ஷரத்துகள் 5, 6. இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், பயண ஆவணமோ விசாவோ வேண்டாம் என்கிறது ஐந்தாவது. இரு நாட்டுப் படகுகளுக்கும் மற்ற நாட்டுக் கடலில் வழக்கமாக இருந்துவந்த உரிமைகள் தொடரும் என்கிறது ஆறாவது. மீன் பிடிக்கலாம் என்று ஐந்தாவதில் எங்கேயும் இல்லை. 1976 மார்ச்சில் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் இந்திய மீனவர்கள் இலங்கைக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்றே சொல்லிவிட்டன. அந்தக் கடிதங்கள் ஆறாவது ஷரத்தை விழுங்கிவிட்டனவா என்பதை வைத்தே தனியாக ஒரு சுற்று நடத்தலாம்.

கடைசியில் பரிகாரம், அதாவது நீதிமன்றத்திடம் என்ன கேட்பது என்பது. "கச்சத்தீவை மீட்டுத் தர வேண்டும்" என்று மெமோரியலை முடித்தால் நீதிபதி சிரிப்பார். இலங்கை இந்த வழக்கில் கட்சியே இல்லை. உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டி ஒப்பந்தத்திலிருந்து நழுவ முடியாது என்ற 1969 வியன்னா உடன்படிக்கையின் 27ஆவது பிரிவையும் எதிர்த்தரப்பு மேசையில் வைக்கும். எனவே வேண்டுதலை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். ஒன்று, அரசியலமைப்புத் திருத்தம் இல்லாமல் செய்த ஒப்பந்தம் இந்தியச் சட்டத்தின் கண்ணில் செல்லாது என்ற விளம்புகை, அதாவது நீதிமன்ற அறிவிப்பு. அது கிடைக்காவிட்டால் மாற்றாக, ஐந்தாவது, ஆறாவது ஷரத்துகளில் உள்ள உரிமைகளுக்காக மத்திய அரசு இலங்கையிடம் பேச வேண்டும் என்ற உத்தரவு. இரண்டாவதைக் கேட்டால் முதலாவதைக் கைவிட்டதாகிவிடாதா என்று பெஞ்ச் கேட்கும். 'ஒன்றுக்கொன்று பாதகமின்றி' என்ற சொற்களை வேண்டுதலின் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.